அம்மா எடுத்துவந்த டோக்கன்

உங்கள் வீட்டில் அந்தக் காலத்தில் பணம் எங்கே இருந்தது? நம் வயசுக்காரர்கள் யாரைக் கேட்டாலும் ஏதாவது ஒரு இடம் சொல்வார்கள். கூரை இடுக்கு, தலையணை உறை, சாமி படத்துக்குப் பின்புறம். எங்கள் வீட்டில் கேழ்வரகுப் பானை. அடியில் துணி முடிச்சு, மேலே கேழ்வரகு. அவசரத்துக்கு அம்மா கையை விட்டால் முழங்கை வரைக்கும் தூசி அப்பிக்கொண்டு வரும். அதனால் எங்கள் வீட்டு நோட்டுகளுக்கு எப்போதும் ஒரு வாசனை உண்டு. மளிகைக் கடைக்காரர் நோட்டை மூக்குப் பக்கம் கொண்டுபோய், "இன்னா, இன்னிக்குப் பானையில கை வெச்சிட்டாளா உங்கம்மா?" என்று என்னைக் கேட்பார். எனக்குக் கோபமாக வரும். ஆனால் அவர் தரும் பொட்டுக்கடலைக்காகப் பேசாமல் நின்றுகொண்டிருப்பேன்.

அந்தப் பானையை விட்டு எங்கள் பணம் வெளியேறிய கதையைத்தான் சொல்லப்போகிறேன். எழுபதுகளின் தொடக்கம். கும்மிடிப்பூண்டியிலிருந்து ஆரம்பாக்கம் போகிற வழியில், ரயில் பாதையை ஒட்டி எங்கள் காலனி. என் தாத்தா காலம் வரைக்கும் நாங்கள் ஊர்க்காரர்களின் வயலில் நாற்று நட்டவர்கள். அப்பா காலத்தில்தான் தொழிற்சாலைக்குள் கால் வைத்தோம். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். ஆந்திர எல்லை பக்கத்திலேயே இருந்ததால் தெலுங்கு எங்கள் வாயில் பாதி கலந்திருந்தது. நைனா இரும்பு உருக்கும் ஆலையில் உலைக்குப் பக்கத்தில் வேலை பார்த்தார். ராத்திரி ஷிப்டு முடிந்து வந்தால் அவர் சட்டையில் கருகிய வாசனை அடிக்கும். புருவத்தில் பாதி எப்போதும் தீய்ந்திருக்கும்.

ஆலையில் எதற்கும் டோக்கன்தான். பித்தளையில் வட்டமாக ஒரு வில்லை, நடுவில் எண். உள்ளே போக ஒன்று. அவசரத்துக்கு முன்பணம் வேண்டும் என்று ஜன்னலில் கேட்டால் வேறு ஒன்று தருவார்கள். இன்றைக்கு டோக்கன், நாளைக்குப் பணம். அதுதான் அங்கே முறை. நைனா முன்பண டோக்கனோடு வந்தால் அன்று ராத்திரியே எங்கள் வீட்டில் மறுநாள் மீன் குழம்பைப் பற்றிய பேச்சு ஆரம்பித்துவிடும். டோக்கன் வந்துவிட்டால் பணம் வந்த மாதிரிதான். அதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

அந்த வருஷம் மழை விட்ட சமயத்தில் ஆலையில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். இனிமேல் சம்பளம் கையில் கிடையாது. ஒன்று, ஆலைத் தொழிலாளர்களின் கூட்டுறவுச் சங்கத்தில் போய்ச் சேரும். இல்லாவிட்டால், கும்மிடிப்பூண்டிக் கடைத்தெருவில் புதிதாகத் திறந்திருக்கிற வங்கியில் சேரும். எது வேண்டுமென்று ஒவ்வொருவரும் பொங்கலுக்குள் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் வீட்டில் இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஏனென்றால் சங்கத்துக்குச் செயலாளர் என் பெரியப்பா. நைனாவுக்கு மூத்தவர். நல்ல மனிதர், உரத்த குரல், எதையும் நின்றுகொண்டேதான் பேசுவார். சங்கத்தை ஆரம்பிக்க அவர் நடந்த நடை கொஞ்சமில்லை.

"சங்கம் நம்ம ஆளுங்களுது. உள்ள வந்தா உக்காந்து டீ குடிச்சிகினு பேசலாம்" என்றார். "பேங்குல உன்ன இன்னாருன்னு எவனுக்குத் தெரியும்? வாசப்படியிலயே நிக்க வெப்பான். அவன் ஊட்டுத் திண்ணைய நீ தொட முடியுமா? அப்படியாப்பட்டவன் கையில எதுக்குடா உன் டப்பு?"

நைனா தலையைச் சொறிந்தார். அண்ணன் பேச்சுக்கு அவர் எதிர்ப்பேச்சு பேசி நான் பார்த்ததில்லை. அடுப்படியிலிருந்து அம்மாதான் கேட்டாள்.

"சங்கத்துல என் பேரையும் சேப்பீங்களா மாமா?"

"வேலை செய்றவன்தாம்மா மெம்பரு. பொம்பளைங்க பேரு எப்படி வரும்? சட்டத்துல இல்லையே."

அம்மா எதிர்வீட்டைப் பார்த்ததை நான் பார்த்தேன். எதிர்வீட்டு அக்காவின் புருஷன் உலையில் வெந்து செத்துப்போயிருந்தான். அவனுக்கு வரவேண்டிய பணத்துக்காக அந்த அக்கா கைக்குழந்தையோடு மாதக்கணக்கில் ஒவ்வொரு கதவாகப் போய் நின்றது எங்கள் தெரு முழுக்கத் தெரியும். ராத்திரி அம்மா நைனாவிடம் மெதுவாகச் சொன்னாள்: "உலைக்குப் போற மனுசன் நீ. ஒரு நா வரலைன்னா நான் எவன் வாசல்ல போய் நிக்கிறது? பேங்குல ரெண்டு பேர் பேரையும் போடலாமாம். யார் கையெழுத்துப் போட்டாலும் குடுப்பானாம். அந்த பேங்கு பியூன் சொன்னான்."

நைனா பாயில் புரண்டு படுத்தார். பிறகு, "அண்ணன் மூஞ்ச எப்படிப் பாக்குறது?" என்றார். அவர் கவலை அது.

இங்கே அந்த வங்கியின் இரும்புக் கதவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வங்கிக்குப் பெட்டக அறைக் கதவு ரயிலில் வந்து இறங்கியபோது அதை நகர்த்த ஊரில் ஆளில்லை. கனத்தை நகர்த்தத் தெரிந்தவர்கள் ஆலைக்காரர்கள் என்று நைனாவையும் இன்னும் சிலரையும் கூப்பிட்டிருந்தார்கள். அடியில் குழாய்களை உருட்டிவிட்டு, கடப்பாரையால் நெம்பி, ஒரு முழு நாள் அதைக் கடைத்தெரு வழியாக நகர்த்தினார்கள். நாங்கள் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அதன் பின்னாலேயே போனோம். அது கதவு என்று சொன்னால் நம்ப முடியவில்லை. யானை படுத்துக்கொண்டு நகர்கிற மாதிரி இருந்தது. வெயிலில் சூடேறி, பக்கத்தில் போனாலே அனல் அடித்தது. அதில் கப்பல் சுக்கான் மாதிரி ஒரு சக்கரம். நான் அதைத் தொட்டுவிட்டு ஓடிவந்தேன். விரலில் பச்சை மசகு ஒட்டியிருந்தது. அன்று முழுக்கக் கையைக் கழுவவில்லை.

"அத்த அசைக்கவே இத்தினி பேரு வேண்டியிருந்துது" என்று நைனா வியந்து வியந்து சொன்னார். "அதுக்குள்ள போனது எதுவும் தொலையாது."

"உள்ள போனது தொலையாது, சரி" என்றாள் அம்மா. "கேட்டா வெளிய வருமா?"

அதுதான் அவளுடைய கேள்வி. போட்டால் யாரும் வாங்கிக்கொள்வார்கள். கேட்டால் தருகிறார்களா என்று பார்க்க வேண்டும். அதைப் பார்த்த பிறகுதான் பேச்சு. பெரியப்பாவும் இந்தப் பரீட்சைக்கு ஒத்துக்கொண்டார். "பாத்துக்கோ. அலைய வெப்பான். அப்புறம் எங்கிட்டதான் வருவ" என்று சிரித்தார்.

ஆட்டுக்குட்டி விற்ற பணத்தை அம்மா தன் பேரில் வங்கியில் போட்டாள். ஆலை மேஸ்திரி அறிமுகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். சில நாள் ஆறப்போட்டுவிட்டு, அதைத் திருப்பிக் கேட்கப் போனாள். துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டாள். பெட்டியிலிருந்த கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டாள். அதில் பாச்சை உருண்டை வாசனை.

அந்த வங்கிக்குள் போன நிமிஷத்தை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. புது வார்னிஷ் வாசனை, பசை வாசனை, அரக்கு உருகிய வாசனை. தலைக்கு மேலே விசிறி. எனக்காகவும் சேர்த்துத்தான் அது சுற்றுகிறது என்பது பெரிய ஆச்சரியமாக இருந்தது. கம்பி வலை போட்ட கூண்டுக்குள் காசாளர். திருவள்ளூரிலிருந்து வந்தவர், இளவயசு, நெற்றியில் நாமம் பளிச்சென்று இருந்தது. ஈரப் பஞ்சில் விரலைத் தொட்டுத் தொட்டு நோட்டு எண்ணுவார். அந்த வேகத்தில் விரல்கள் கண்ணுக்கே தெரியாது. அவருக்குப் பின்னால், பாதி இருட்டில், எங்கள் நைனா தள்ளிக்கொண்டு வந்த அந்தக் கதவு. நான் அதற்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

மேஜைக்காரர் அம்மாவிடம் சீட்டை வாங்கினார், கையெழுத்தைப் பார்த்தார். ஒரு பித்தளை டோக்கனைத் தந்தார். "அப்படி பெஞ்சுல உக்காருங்கம்மா" என்றார்.

அம்மா உட்காரவில்லை. அவளுக்கு உட்காரச் சொன்னதே போதுமாக இருந்தது. டோக்கனை உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தாள். ஆலை டோக்கனைவிடக் கனம், எண் அழகாக வெட்டியிருந்தது. கண்ணில் ஒற்றிக்கொண்டாள். முந்தானையில் முடிந்தாள். மேஜைக்காரருக்கும், கூண்டுக்கும், கதவுக்கும் சேர்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, "வாடி, ரயிலுக்கு நேரமாவுது" என்று என்னை இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அந்த இடத்தில் நீங்கள் சிரிக்கிறீர்கள் என்று தெரிகிறது. எங்கள் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. நைனா டோக்கனை வாங்கி விரலால் தட்டிப் பார்த்தார். "நல்ல பித்தளை" என்றார். "நாளைக்கு டப்பு குடுத்துருவான்." அம்மா அதைத் துணியில் சுற்றிக் கேழ்வரகுப் பானைக்குள் வைத்தாள். எனக்கு மட்டும் ஒரு தடவை கன்னத்தில் வைத்துப் பார்க்கக் கொடுத்தாள். சில்லென்று இருந்தது.

பெரியப்பா வந்து விசாரித்தார். விஷயத்தைக் கேட்டதும் வீட்டுக்கு வெளியே போய், தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சிரித்தார். "பணத்தப் போட்டாளாம், பித்தளைய வாங்கிகினு வந்தாளாம்! நாளைக்குப் போனா நாளன்னிக்கின்னுவான். நான் அப்பவே சொன்னேன்ல?"

அம்மாவின் முகம் சுருங்கிப்போனது. தெருக்காரர்கள் ஒவ்வொருவராகக் கூடினார்கள். எதிர்வீட்டு அக்கா மட்டும் சிரிக்காமல் தன் வாசலிலேயே நின்றாள். "சரி வுடு, சங்கத்துலயே போட்டுக்கலாம்" என்று நைனா சொன்ன நேரத்தில்தான் தெருமுனையில் சைக்கிள் மணி கேட்டது.

பொழுது சாயும் நேரம். முன்னால் வங்கிப் பியூன் ஒரு சைக்கிளில். பின்னால் காசாளர் இன்னொன்றில். கால்சட்டையில் கிளிப் போட்டிருந்தார். செம்மண் முழங்கால் வரைக்கும் ஏறியிருந்தது. வியர்வையில் நாமம் கரைந்து மூக்கின் நுனி வரை வழிந்திருந்தது. நாமம் போட்ட ஒருவர் எங்கள் காலனிக்குள் வந்து அதுவரை நான் பார்த்ததில்லை. தெருவே ஒதுங்கி வழிவிட்டது.

சைக்கிளை நிறுத்தக்கூட அவருக்குப் பொறுமை இல்லை. அப்படியே விட்டார், அது சாய்ந்து விழுந்தது.

"அம்மா! டோக்கனை எடுத்துண்டு வந்துட்டேளே! பணத்தை வாங்கிக்காமலே வந்துட்டேளே!"

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "நாளைக்கு வந்து காட்டி வாங்கிக்கலாம்னு... ஆலையில அப்படித்தானே சார் குடுக்குறாங்க."

"நாளைக்கா! கூண்டுக்குள்ள இருந்து உங்க நம்பரைக் கத்திக் கத்திக் கூப்பிட்டேனே! இதோ உங்க பணம். சரியா இருக்கான்னு பாத்துக்கோங்கோ. டோக்கனை மட்டும் குடுத்துடுங்கோ, புண்ணியமாப் போகும்."

நோட்டுகளை அம்மாவின் கையில் திணித்தார். அதற்குள் அவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. புழுதியும் வேகமும் சேர்ந்து, குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு இருமினார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் தெருவுக்கு ஊர்ப் பக்கத்திலிருந்து யாராவது வந்தால், தபால்காரரோ கணக்குப்பிள்ளையோ, நாங்கள் தண்ணீர் கொடுக்க மாட்டோம். கடையிலிருந்து கோலி சோடா வாங்கிவந்து, அவர்கள் எதிரிலேயே உடைத்துக் கொடுப்போம். சோடாவுக்கு எங்கள் பானையோடு சம்பந்தம் இல்லை அல்லவா? அவர்கள் வேண்டாமென்று சொல்லி நம் முகம் வாடாமல் இருக்க நாங்களே கண்டுபிடித்துக்கொண்ட வழி அது. பெரியப்பாவும் அதைத்தான் செய்தார். "டேய், யார்றா அங்க, சோடா! ஓடு, சோடா எத்தினு வா!" என்று கத்தினார்.

அம்மா அதற்குள் தண்ணீர்ப் பானையில் டம்ளரை விட்டு மொண்டுவிட்டாள். இருமுகிற ஒரு ஆளைக் கண்டால் அவள் கை தானாகப் பானைக்குப் போகும். டம்ளரை நீட்டிய பிறகுதான் அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். நீட்டிய கை பின்னால் வர ஆரம்பித்தது. காசாளர் எட்டி அதை வாங்கிக்கொண்டார்.

அண்ணாந்து குடித்தார். பாதி போனது. சட்டென்று நிறுத்தினார். டம்ளரைப் பார்த்தார். பானையைப் பார்த்தார். சுற்றி நின்ற எங்கள் முகங்களைப் பார்த்தார். அப்போதுதான் தான் எந்தத் தெருவில் நிற்கிறோம் என்று அவருக்கு விளங்கியது போலிருந்தது. பியூன் தலையைக் குனிந்துகொண்டான். பெரியப்பா வாயைத் திறந்தபடியே நின்றார். எனக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது, ஏனென்று தெரியாமலே.

காசாளர் மறுபடி அண்ணாந்தார். மீதியைக் குடித்து முடித்தார்.

"இன்னும் கொஞ்சம் தரேளா?" என்றார்.

அம்மா மொண்டு கொடுத்தாள். அதையும் குடித்தார். பிறகு அம்மா கேழ்வரகுப் பானைக்குள் தோள்வரை கையை விட்டு டோக்கனை எடுத்துவந்தாள். அவர் அதைத் துடைக்கக்கூட இல்லை. உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு, நெஞ்சில் கையை வைத்தார். சோடா வந்தபோது, "இதைக் குழந்தைக்குக் குடுங்கோ" என்று என் பக்கம் காட்டினார். என் வாழ்க்கையில் ஒரு முழு சோடாவை நான் ஒருத்தியே குடித்தது அன்றுதான். மூக்கெல்லாம் ஏறியது.

அவர் சைக்கிளை நிமிர்த்தும்போது அம்மா முன்னால் வந்தாள். பெரியப்பா நிற்கிறார், நைனா நிற்கிறார், தெரு நிற்கிறது. யாரையும் அவள் பார்க்கவில்லை.

"சார், இவரு பேரும் என் பேரும் சேத்துப் போட்டுடுங்க. இவரு சம்பளம் உங்க பேங்குக்கே வரட்டும்."

நைனா பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "போட்டுக்க" என்றார். "எனுக்கு வாயடைச்சுப் போச்சு." அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று இப்போது தெரிகிறது. அவர் சங்கத்தில் தொடர்ந்து செயலாளராகவே இருந்தார். தன் பணத்தை அங்கேதான் வைத்திருந்தார். ஆனால் அதற்கப்புறம் வங்கியைப் பற்றி ஒரு சொல் தப்பாகப் பேசியதில்லை.

பொங்கலுக்குள் எங்கள் காலனியில் பாதிப் பேர் வங்கிக்குப் போய்விட்டார்கள். எல்லாரும் நம்பியது ஒன்றுதான்: மறந்து வந்தால் பேங்குக்காரர் சைக்கிளில் கொண்டுவந்து வீட்டில் கொடுப்பார். பின்தெருவில் ஒரு அத்தை, தன் வீட்டுக்கும் அவர் வரவேண்டும் என்று வேண்டுமென்றே டோக்கனை இடுப்பில் சொருகிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அதற்கப்புறம் பியூன் வங்கி வாசலிலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வெளியே போகிற பெண்களையெல்லாம் "யக்கா, டோக்கன் குடுத்திட்டியா?" என்று கேட்க ஆரம்பித்தான். அம்மாவைப் பார்த்தால் மட்டும் கேட்காமல் சிரிப்பான்.

ஒரு மழைக்காலத்தில் நைனாவின் வலது கை உலையில் வெந்துபோய், சென்னை ஆஸ்பத்திரியில் கிடந்தார். எங்கள் தெருவில் எல்லாரும் எதிர்வீட்டு அக்காவை நினைத்துக்கொண்டார்கள். அம்மா அதே கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு வங்கிக்குப் போனாள், தன் கையெழுத்தைப் போட்டாள், டோக்கனைக் கொடுத்தாள், பணத்தை வாங்கிக்கொண்டு ரயிலேறினாள். யார் வாசலிலும் நிற்கவில்லை. நைனா கை ஆறி வேலைக்குத் திரும்பியபோது வங்கிப் புத்தகத்தை எடுத்து அம்மாவின் பெயரை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்னால் நான் படித்து, ஆசிரியையாகி, என் சம்பளமும் ஒரு வங்கிக்கு வரத் தொடங்கிய பிறகு விஷயம் புரிந்தது. அன்று மாலை அந்தக் காசாளரின் பெட்டியில் பணம் கூடுதலாக நின்றிருக்கும், டோக்கன் ஒன்று குறைந்திருக்கும். அதைச் சரிசெய்யாமல் அவர் வீட்டுக்குப் போயிருக்க முடியாது. புது வேலை வேறு. எங்களை மதித்து அவர் வரவில்லை. ஒரு தெருவே வாயைப் பிளந்து பார்த்தது, பயந்துபோன ஒரு பையனைத்தான்.

அம்மாவுக்கு அப்போது கண் மங்கிவிட்டிருந்தது. ஒருநாள் அவளுக்குத் தலைவாரிவிட்டுக்கொண்டே இதை எடுத்துச் சொன்னேன். இத்தனை வருஷமாக அவள் வைத்திருந்ததை உடைக்கிறோமோ என்று உள்ளூர எனக்குச் சங்கடமாகவும் இருந்தது.

அம்மா திரும்பவில்லை. முடியை என் கையில் விட்டபடியே சொன்னாள்:

"பயந்துகினுதான் வந்தான். அது எனுக்கு அன்னிக்கே தெரியும்டி, அவன் கை நடுங்குனதப் பாத்தேன்ல. ரெண்டாவது டம்ளரையும் பயந்துகினா கேட்டான்?"